பொலோஞா 1088-இல் தொடங்கியது என்பதற்கு ஆதாரம் என்ன?

கேள்வி: உலகின் மிகப் பழைய பல்கலைக்கழகம் இத்தாலியின் பொலோஞா, ஆண்டு 1088 என்று எல்லா இடத்திலும் போடுகிறார்கள். சாசனம் ஏதும் உண்டா? மொராக்கோவின் அல் கராவியீன் 859 ஆயிற்றே?

பதில் 1: சாசனம் கிடையாது. 1888-இல் எண்ணூறாவது ஆண்டு விழா கொண்டாடுவதற்காக, கவிஞர் கார்துச்சி தலைமையிலான குழு பின்னோக்கிக் கணக்கிட்டு வைத்த ஆண்டு அது. இர்னேரியுஸ் அங்கே ரோமானியச் சட்டம் கற்பித்த காலத்தை ஒட்டியது, அவ்வளவுதான். உறுதியான ஆவணம் வேண்டுமென்றால் பேரரசர் பிரெடரிக் பார்பரோசாவின் 'ஹபிதா' ஆணையைப் பாருங்கள். தன் சொந்த ஊர்க்காரன் பட்ட கடனுக்காக வெளியூர் மாணவனைப் பிடிக்கக்கூடாது என்று தடுத்தது அதுதான்.

பதில் 2: அல் கராவியீன் 859-இல் பள்ளிவாசலாக எழுந்தது. பாத்திமா அல் ஃபிஹ்ரி என்ற பெண் கட்டியதாக மரபு. நவீன அரசுப் பல்கலைக்கழகமானது 1960-களில்தான். ஆகவே தொடர்ந்து கல்வி நடந்த இடம் எது என்பதும், பட்டம் தரும் சங்கம் எது என்பதும் வேறு வேறு கேள்விகள். இரண்டையும் கலந்தால் சண்டை ஓயாது.

பதில் 3: 'யுனிவர்சிட்டி' என்ற சொல்லுக்கு மூலமான லத்தீன் 'யுனிவர்சிதாஸ்' என்றாலே சங்கம்தான், கட்டடம் இல்லை. பொலோஞாவில் அது மாணவர் சங்கம். ஆசிரியருக்குக் கட்டணம் கொடுத்தவர்கள் அவர்களே, விதி போட்டவர்களும் அவர்களே. மணி அடித்ததும் பாடம் தொடங்க வேண்டும், அடுத்த மணிக்கு நிறுத்த வேண்டும். கேட்க ஐந்து பேர்கூட வராவிட்டால் ஆசிரியர் வராததாகக் கருதி அபராதம். ஊரைவிட்டு வெளியே போக வேண்டுமா? திரும்பி வருவதற்குப் பிணையாகப் பணம் கட்டிவிட்டுத்தான் போக முடியும்! பாரிஸில் நேர்மாறு, அங்கே சங்கம் ஆசிரியர்களுடையது.