பள்ளி மைதானத்தில் ஊர்க் கபடி: மண், கோடு, எடை, ஆள் பட்டியல்

களம் போடுகிறவர்:
அரசுப் பள்ளி மைதானத்தை மாலையில் ஊர்க் கபடிக் குழு வாங்கி ஆடும் வழக்கம் நிறைய ஊர்களில் உண்டு. பள்ளிக்குச் செலவில்லாமல் ஒரு களம், குழுவுக்கு ஆட ஓர் இடம். இதை நடத்திப் பழகியவர்கள் தெரிந்ததை எழுதுங்கள். நான் மண்ணிலிருந்து ஆரம்பிக்கிறேன், காயம் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது.

ஆண்கள் களம் 13 மீட்டருக்கு 10 மீட்டர். அந்த அளவுக்கு மட்டும் மண் போட்டால் போதாது, தள்ளப்பட்டு வெளியே விழுகிறவன் கட்டாந்தரையில்தான் விழுவான். சுற்றிலும் 2 மீட்டர் கூட்டி 17-க்கு 14 என்று எடுங்கள். இரண்டு அங்குல மேல்மண்ணுக்கு 4 யூனிட்டுக்குச் சற்று மேலே பிடிக்கும் (ஒரு யூனிட் 100 கன அடி). முதலில் ஒரு சாண் ஆழம் கொத்தி, கல், கண்ணாடிச் சில்லு, கருவேல முள் எல்லாம் பொறுக்கிவிட்டு, பிறகு சலித்த செம்மண்ணில் மணல் கலந்து கொட்டவேண்டும். மணல் எவ்வளவு என்பதற்குக் கணக்கு கிடையாது, ஊருக்கு ஊர் செம்மண் மாறும். ஈரமண்ணைக் கையில் உருட்டுங்கள். உருண்டை நிற்க வேண்டும், இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் உடைய வேண்டும். உடையாவிட்டால் களி அதிகம், காய்ந்ததும் ஓடு மாதிரி இறுகி முழங்கைத் தோலை உரிக்கும். உருண்டையே பிடிக்காவிட்டால் மணல் அதிகம், கால் புதைந்த நிலையில் உடம்பு திரும்பும்போது முட்டி முறுக்கிக்கொள்ளும். இரண்டில் மோசமானது இரண்டாவதுதான். தோல் ஒரு வாரத்தில் ஆறும், முட்டி ஜவ்வு ஆறாது.

தண்ணீரை முந்தின நாள் சாயங்காலமே விட்டு ஊறவைத்து, ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் லேசாகத் தெளித்தால் போதும். டியூபை ஒரே பக்கம் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனால் டாஸில் தோற்ற அணி சேற்றில் ஆடும்.

கோட்டுக்காரர்:
மண் சரி. கோட்டில்தான் பல ஊர்களில் சண்டையே.

முதலில் மூலை நேராக இருக்கிறதா பாருங்கள். 13-க்கு 10 களத்தில் மூலைக்கு மூலை 16.40 மீட்டர் வரவேண்டும், இரண்டு பக்கமும். வராவிட்டால் களம் சாய்ந்திருக்கிறது. நடுக்கோடு 6.5 மீட்டரில். அதிலிருந்து 3.75-ல் பால்க் லைன் (பாடிப் போகிறவன் தாண்டவேண்டிய கோடு), அதற்கு அடுத்து 1 மீட்டரில் போனஸ் லைன் (கூடுதல் புள்ளிக்கான கோடு). போனஸுக்கும் கடைசிக் கோட்டுக்கும் மிச்சம் 1.75 இருந்தால் கணக்குச் சரி.

அடிக்கடி நடக்கும் தப்பு: 10 மீட்டர் போட்டுவிட்டு, அதற்கு வெளியே இரண்டு பக்கமும் லாபி (ஓரப் பட்டை) 1 மீட்டர் சேர்ப்பது. லாபி அந்த 10-க்குள்ளேயே அடக்கம். வெளியே போட்டால் களம் 12 மீட்டர் அகலமாகிவிடும், கார்னரில் நிற்கிறவன் எவ்வளவு ஓடியும் எட்டமாட்டான்.

பெண்களுக்கும் ஜூனியர் பெண்களுக்கும் 12-க்கு 8, மூலைக்கு மூலை 14.42, பால்க் லைன் 3 மீட்டர். சிறிய களத்தில் ஆடவேண்டிய பள்ளிப் பிள்ளைகளைப் பெரியவர்கள் களத்திலேயே ஆடவிட்டால் பாடிப் போகிற பிள்ளைக்கு ஓட இடம் தாராளம், பிடிக்கிற பிள்ளைகளால் இடைவெளியை அடைக்க முடியாது. அங்கே பழகிவிட்டு மாவட்டப் போட்டிக்குப் போனால் எல்லாம் நெருக்கமாகத் தெரியும். ஒரே மைதானத்தில் இரண்டு அளவுக்கும் மூலைக்கு ஒரு மரமுளையைத் தரை மட்டத்துக்குக் கீழே அடித்து வைத்தால் தினமும் டேப் பிடிக்க வேண்டாம்.

சுட்ட சுண்ணாம்பைக் கோட்டுக்குப் போடாதீர்கள். வியர்வையோடு கண்ணில் பட்டால் கண்ணைப் பொசுக்கும். கல்மாவு போதும், கோலத்துக்கு வாங்குவதுதான். நைலான் கயிற்றை ஆணியடித்துக் கட்டுவது அதைவிட மோசம், ஆணி எப்போது தலை தூக்கும் என்று சொல்லமுடியாது.

பி.டி. வாத்தியார்:
பள்ளிப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். பிள்ளைகள் மாலையில் குழுவோடு ஆடிப் பழகட்டும், நல்லதுதான். 2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணிகளில் சென்னைக் கண்ணகி நகர்ப் பெண்ணும் திருவாரூர் மாவட்டத்து வடுவூர்ப் பையனும் இருந்தார்கள். ஆனால் பையனை மேலே கொண்டுபோகும் படிக்கட்டு பள்ளிப் போட்டிதான்: குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம். வயது 14, 17, 19-க்கு உட்பட்டோர். குறுவட்டப் போட்டி நாளில் ஊர்த் திருவிழா ஆட்டத்துக்குப் பையனை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். திருவிழாக் கோப்பை அலமாரியில் நிற்கும், அவ்வளவுதான்.

எடைப் பிரிவு வைக்கும் ஊர்களில் இன்னொரு வினை. 55 கிலோவுக்குள் வரவேண்டும் என்று முந்தின நாளே தண்ணீர் குடிக்காமல், வெயிலில் ஓடி, எச்சில் துப்பி இறங்குவார்கள். எடை போட்டதும் இரண்டு பரோட்டா, உடனே ஆட்டம். மூன்றாவது முறை பாடிப் போகும் ரெய்டில் கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும். பள்ளிப் பையன்களை எடைக்காக இறக்கவே கூடாது, அடுத்த பிரிவில் ஆடவிடுங்கள். எடை மெஷினைச் சிமெண்ட் தரையில் வையுங்கள். மண்ணிலோ கம்பளத்திலோ வைத்தால் தப்பாகக் காட்டும், பிறகு பஞ்சாயத்துதான்.

களத்துக்குள் விடுமுன் நகம், வெள்ளிக் காப்பு, கைக்கயிறு மூன்றையும் பாருங்கள். கயிற்றில் விரல் மாட்டித் திரும்பினால் மூட்டு விலகும். உடம்பில் எண்ணெய் தடவியிருக்கிறானா என்று தோளைத் தொட்டுப் பாருங்கள். தோள் இறங்கிவிட்டால் கூட்டத்திலிருந்து யாராவது "நான் ஏற்றிவிடுகிறேன்" என்று வருவார், விடாதீர்கள். கையைத் துண்டால் நெஞ்சோடு கட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். தலைகீழாக விழுந்து கழுத்து வலி என்றால் தூக்கவே கூடாது, அப்படியே படுக்கவைத்து 108.

பெண் பிள்ளைகள் பயிற்சியை 6 மணிக்குள் முடியுங்கள், பள்ளிக் கழிவறைச் சாவி ஒரு பெண்மணி கையில் இருக்கட்டும். இந்த இரண்டும் இல்லாததால்தான் பல ஊர்களில் பெண்கள் அணி இரண்டு மாதத்தில் கலைகிறது. ஆர்வம் இல்லை என்பதெல்லாம் சும்மா.

ஸ்கோர் ஷீட் எழுதுகிறவர்:
போட்டி நடத்துபவர்களுக்கு. நாக் அவுட்டில் 24 அணி வந்தால் 32-க்கு அட்டவணை போட்டு 8 அணிக்கு பை (முதல் சுற்று ஆடாமலே அடுத்த சுற்று). மொத்தம் 23 ஆட்டம். 15 நிமிடம் ஆட்டம், 5 நிமிடம் இடைவேளை, மறுபடி 15 நிமிடம் என்று வைத்தாலும் டைம் அவுட், அணி இறங்குவது, வாக்குவாதம் எல்லாம் சேர்த்து ஆட்டத்துக்கு முக்கால் மணி நேரம். ஒரே களம் என்றால் 17 மணி நேரத்துக்கு மேல். இரண்டு களம் இல்லாமல் 16 அணிக்கு மேல் சேர்க்காதீர்கள். நோட்டீஸில் "முதலில் வரும் 24 அணிகள்" என்று அச்சடித்துவிட்டு, விடிகாலை 4 மணிக்கு இறுதிப்போட்டி நடத்துவதில் என்ன பெருமையோ.

ஆள் பட்டியல் 12 பேர், முதல் ஆட்டத்துக்கு முன் ஆதாரோடு பூட்டிவிடுங்கள். காலிறுதியில் திடீரென்று வெளியூர் ரெய்டர் ஒருவர் பைக்கில் வந்து இறங்குவார். சண்டை பெரும்பாலும் அந்த பைக்கிலிருந்துதான் இறங்குகிறது. சமநிலை வந்தால் அணிக்கு 5 ரெய்டு, அதுவும் சமமானால் வெற்றியை முடிவுசெய்யும் கோல்டன் ரெய்டு என்பதைக் காலையிலேயே மைக்கில் சொல்லிவிடவேண்டும். முடிவு நெருங்கும்போது சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

அணிப் பெயர் ஊர்ப் பெயராக மட்டும் இருக்கட்டும். பனியனிலோ பேனரிலோ சாதிப் பெயரோ தலைவர் படமோ இருந்தால் பதிவை வாங்காதீர்கள். பள்ளி மைதானம் அது, மறுநாள் எல்லாத் தெருப் பிள்ளைகளும் அங்கேதான் நிற்கவேண்டும்.

களம் போடுகிறவர்:
மண்ணுக்குப் பதில் களத்தில் விரிக்கும் மேட் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. 1 மீட்டர் சதுரத் துண்டுகள், களத்துக்கு மட்டும் 130 வேண்டும். வாடகைக்கு எடுக்கும்போது எண்ணி வாங்கி எண்ணிக் கொடுங்கள், கோர்க்கும் பல் உடைந்த துண்டுகளை அப்போதே காட்டி எழுதிக்கொள்ளுங்கள். கீழே தரை மேடு பள்ளமாக இருந்தால் பொருத்து விலகி, இடுக்கில் கால் விரல் மாட்டும். மார்கழி, தை மாதங்களில் இரவு 9 மணிக்கு மேல் பனி இறங்கி மேட் வழுக்கும், ஒவ்வொரு பாதிக்கும் முன்னால் துணி போட்டுத் துடைக்க இரண்டு பேர் தனியாக வேண்டும். ஷூ இல்லாமல் மேட்டில் விடாதீர்கள். மண்ணில் மட்டும் ஆடிய பையனுக்கு ஷூவோடு பழக இரண்டு வாரமாவது கொடுங்கள்.

கோட்டுக்காரர்:
கேலரி வேண்டாம். 2021 மார்ச்சில் தெலங்கானாவின் சூர்யாபேட்டையில் தேசிய ஜூனியர் கபடியிலேயே கேலரி சரிந்து நூறு பேருக்கு மேல் அடிபட்டார்கள். சவுக்குக் கம்பில் தடுப்பு கட்டி, கோட்டிலிருந்து 4 மீட்டர் தள்ளி ஆட்களைத் தரையில் உட்காரவையுங்கள்.

பி.டி. வாத்தியார்:
கடைசியாக ஒன்று. அனுமதிக் கடிதத்தில் நாள், நேரம், மின்சாரம் யார் செலவு, பொறுப்பாளர் இருவர் பெயர் எல்லாம் எழுதித் தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் கொடுங்கள். ஞாயிறு இரவு ஆட்டம் முடிந்தால் திங்கள் காலை பிரேயருக்கு முன் பந்தல்கால் குழிகளை மூடி, உடைந்த டியூப்லைட் சில்லைப் பொறுக்கிவிட வேண்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அங்கே செருப்பில்லாமல்தான் ஓடுவார்கள்.