சென்னை மாநகராட்சியின் அமைப்பைப் புரிந்துகொள்ள உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் மழைநீர் வடிகால் குறித்து ஒரு மனு தயாரித்து வருகிறேன்; அதை யாரிடம் கொடுப்பது முறை என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

1688-இல் தொடங்கப்பட்ட நம் மாநகராட்சி, 2011-இல் எல்லை விரிவாக்கப்பட்டபோது 200 வார்டுகளையும் 15 மண்டலங்களையும் கொண்டதாக மாறியது என்பதையும், மாமன்ற உறுப்பினர்கள் தம்முள் ஒருவரை மேயராகத் தேர்ந்தெடுக்க, அன்றாட நிர்வாகத்தை அரசு நியமிக்கும் ஆணையர் நடத்துகிறார் என்பதையும் படித்தறிந்தேன். மழைநீர் வடிகால் மாநகராட்சியின் பொறுப்பு. கழிவுநீர்க் குழாய்களோ 1978-இல் அமைந்த குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. ஒரே தெருவுக்கு அடியில் இரண்டு நிர்வாகங்கள் இருப்பதைப் பலர் அறியாததே மனுக்கள் இடம் மாறிப் போவதற்கு முக்கியக் காரணம் என்று கருதுகிறேன்.

எனக்குத் தெளிவாகாதது இதுதான்: வார்டு உறுப்பினர் பரிந்துரைக்கும் ஒரு வடிகால் பணி, மண்டலக் குழு, நிலைக்குழு (துறைவாரியான உறுப்பினர் குழு), மாமன்றம் ஆகியவற்றில் எந்த வரிசையில் செல்கிறது, எவ்வளவு தொகை வரை மண்டல அளவிலேயே ஒப்புதல் கிடைக்கும்? வார்டுக்குள் பகுதிவாரியாக மக்கள் கூடும் பகுதி சபைக் கூட்டத்தில் இதனை எழுப்பினால் அது பதிவேட்டில் ஏறுமா? இவ்வழியே சென்று பணியை முடித்தவர்கள் தங்கள் அனுபவத்தைப் படிப்படியாக எழுதினால், மழைக்காலத்திற்கு முன்பே மனுவை உரிய இடத்தில் சேர்த்துவிடுவோம்.