பரண் பாதியில் நிற்கிறது

கேள்வி:
சித்திரையில் பரணை ஒழிக்க ஆரம்பித்து, பாதியில் நின்றுவிட்டது. எவர்சில்வர் அண்டா, மாமியாரின் பட்டுப்புடவைகள், பையனின் பத்தாம் வகுப்பு கைடுகள், பழைய போன்கள் எல்லாம் ஹாலில் சோபா பக்கத்தில் கிடக்கின்றன. மேலே ஏற்றவும் மனசில்லை, தூக்கிப் போடவும் கை வரவில்லை. எங்கிருந்து மறுபடி தொடங்குவது?

பதில்:
முதலில் புடவையை எடுத்திருப்பீர்கள், அதான் நின்றுவிட்டது. அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள் அக்கா. கைடுகளுக்காக யாரும் அழப்போவதில்லை, இன்றே பழைய பேப்பர் கடைக்கு அனுப்புங்கள்.

பதில்:
போன்களைக் கவனியுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். குப்பைத் தொட்டியிலும் வேண்டாம். மின்கழிவு வாங்குபவர்களிடம்தான் கொடுக்க வேண்டும்.

பதில்:
புடவைகளைப் பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் கவர் ஆகாது. அந்துருண்டை ஜரிகையில் பட்டால் கறுத்துவிடும். நைந்துபோனதை வெள்ளி ஜரிகைக்காக எடுக்கும் கடைகள் உண்டு. அசல் ஜரிகையா என்று உரசிப் பார்த்துத்தான் விலை சொல்வார்கள். நல்லதாக ஒன்றிரண்டைப் பேத்திக்குப் பாவாடை தைக்கலாமே?

கேட்டவர்:
கைடுகள் போயாச்சு. போன்களைப் பையன் பார்த்துக்கொள்கிறான். அப்புறம், அண்டாவைக் கேட்டு நாத்தனார் போன் செய்துவிட்டார். யார் சொன்னார்களோ!