சூடுவைத்த கல்லீரல் கட்டி திரும்புமா: எதை வைத்துக் கணிப்பது?

வளவன்:
ஆர்.எஃப்.ஏ.வுக்கு (ஊசி செருகி, மின்சாரச் சூட்டால் கல்லீரல் புற்றுக்கட்டியைச் சுட்டழிக்கும் சிகிச்சை) முன் எடுத்த எம்.ஆர்.ஐ.யையும் ஏ.எஃப்.பி. (இந்தப் புற்றில் ரத்தத்தில் கூடக்கூடிய ஒரு புரதம்) அளவையும் வைத்தே கணிக்கலாம் என்பது என் கட்சி. வெட்டியெடுத்த கட்டியென்றால், நுண்ணிய ரத்தக்குழாய்களுக்குள் புற்றுசெல் புகுந்திருக்கிறதா என்று பத்தாலஜியில் (திசுப் பரிசோதனையில்) பார்த்துவிடலாம். சுட்ட கட்டியில் அதற்கு வழியில்லை. முண்டும் முடிச்சுமான ஓரம், ஆர்ட்டீரியல் கட்டத்தில் (ஏற்றிய சாயம் தமனி வழியே கல்லீரலுக்கு வரும் நேரத்துப் படத்தில்) கட்டியைச் சுற்றிப் படரும் வெளிச்சம் போன்ற அடையாளங்களைப் படத்தில்தான் தேட வேண்டும். கம்ப்யூட்டர் மாடல் இவற்றைக் கண்ணைவிடச் சீராக அளக்கும்.

பொருநை:
ஊசி எங்கே இறங்கியது என்று அந்த மாடலுக்குத் தெரியாதே! கட்டி 2.5 செ.மீ. என்றால், சுற்றிலும் 5 மி.மீ. விளிம்பு (கட்டியைத் தாண்டி வெந்த நல்ல திசு) கிடைக்க 3.5 செ.மீ. வெந்திருக்க வேண்டும். 3 மி.மீ.க்கு மேற்பட்ட ரத்தக்குழாய் ஒட்டி ஓடினால், ஓடுகிற ரத்தம் சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். அந்தப் பக்கம் 60 டிகிரியை எட்டாமல் பிறைபோல ஒரு கீற்று உயிரோடு மிஞ்சும். அவசரப்பட்டுப் பவரை ஏற்றினாலும் கெடுதல்தான்: 100 டிகிரியைத் தாண்டினால் ஊசியைச் சுற்றித் திசு கரிந்து, மின்தடை ஏறி, சூடு வெளியே பரவாது. முன்னும் பின்னும் எடுத்த சி.டி.க்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, மிகக் குறுகலான இடத்தில் விளிம்பை அளக்க வேண்டும். பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்த்தால் ஏமாறுவோம். வெந்த திசு சுருங்கும், மூச்சுக்கு ஏற்பக் கல்லீரலும் நகரும்.

வளவன்:
விளிம்பு 10 மி.மீ. இருந்தும் கல்லீரலின் வேறு செக்மெண்டில் (பகுதியில்) கட்டி வருகிறதே, அதற்கு என்ன பதில்?

பொருநை:
அது வேறு நோய்க்கதை. சுட்ட இடத்தின் ஓரத்தில் வருவதற்கு விளிம்பு பதில் சொல்லும். வேறிடத்தில் 2 ஆண்டுக்குள் வந்தால் பெரும்பாலும் முதல் கட்டியிலிருந்து சிதறியது. அங்கே உங்கள் படமும் ஏ.எஃப்.பி.யும் உதவும், ஒத்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகு வருவது பெரும்பாலும் சிரோசிஸ் (தழும்பேறிய) கல்லீரலில் புதிதாக முளைப்பது. அதற்குக் கல்லீரலின் செயல்திறனைக் காட்டும் ஆல்புமின், பிலிருபின், ஹெபடைடிஸ் பி வைரஸ் அளவைப் பாருங்கள். ஓரத்தில் வருவது, சிதறியது, புதிதாக முளைத்தது என்ற மூன்றையும் ‘மறுவரவு’ என்று ஒரே பெட்டியில் அடைத்துப் பயிற்றிய மாடலை நான் நம்பமாட்டேன்.

கயல்:
இருவருமே விட்டது ஒன்று. கட்டி திரும்புமுன் கல்லீரல் செயலிழந்து இறந்தவர்களை, தொடர்பு விட்டுப்போனவர்கள் கணக்கில் சேர்த்தால் மறுவரவு விகிதம் உண்மையைவிட அதிகமாகத் தெரியும். இன்னொன்று, ஆபத்து அதிகம் என்று சொல்லிவிட்டு என்ன கொடுப்பீர்கள்? 2015-இல் முடிவு வெளியான ஸ்டார்ம் ஆய்வில், 1,114 பேர் பங்கேற்றும், சோரஃபெனிப் என்ற புற்றுமருந்து மறுவரவைத் தடுக்கவில்லை.

வளவன்:
மருந்து இல்லாவிட்டாலும் ஸ்கேனை நெருக்கமாக எடுக்கலாமே.

பொருநை:
அதில் எனக்கும் சம்மதம். முதல் மாத ஸ்கேனில் ஓரத்தில் மெல்லிய, சீரான வளையம் தெரிந்தால் பதற வேண்டாம், அது சூட்டின் எதிர்வினை. ஒரு பக்கம் மட்டும் தடித்து, ஆர்ட்டீரியல் கட்டத்தில் ஒளிர்ந்து, அடுத்து வரும் போர்ட்டல் கட்டத்தில் (சாயம் போர்ட்டல் சிரை வழியே வரும் நேரத்தில்) மங்கினால் அடுத்த 3 மாத ஸ்கேனுக்குக் காத்திருக்காதீர்கள். கட்டி சிறிதாக இருக்கும்போதே அந்த ஓரத்தை மறுபடி சுட்டுவிடலாம்.