வாரண்டி இருக்கும்போது வெளிய சர்வீஸ் விடலாமா? (அவசரம்)

பட்டுக்கோட்டையான்
வணக்கம் நண்பர்களே. காருக்கு சர்வீஸ் டைம் வந்துடுச்சு. சென்னையில வாங்கின வண்டி, இப்ப ஊரோட வந்துட்டோம். தஞ்சாவூர் சர்வீஸ் சென்டர்ல கேட்டா 11,200 எஸ்டிமேட் போடறாங்க. நம்ம ஊர் மெக்கானிக் அண்ணன் 4,000-க்குள்ள முடிச்சுத் தரேங்கறார். வெளிய விட்டா வாரண்டி போயிடுமா? ஸ்பீடு பிரேக்கர்ல ஏறி இறங்கும்போது முன்னாடி கட் கட்னு ஒரு சத்தம் வேற வருது. சனிக்கிழமை குடும்பத்தோட வேளாங்கண்ணி போகணும். சீக்கிரம் சொல்லுங்க.

டெல்டா_ரைடர்
என்ன வண்டி? எத்தனை கி.மீ. ஓடியிருக்கு? பெட்ரோலா டீசலா? இது எத்தனாவது சர்வீஸ்? ஒண்ணுமே சொல்லாம கேட்டா எப்படிங்க.

ராஜி_கரூர்
வாங்கின மாசத்தையும் சொல்லுங்க. அதுலதான் விஷயமே இருக்கு. மாருதியையே எடுத்துக்கோங்க, 2024 ஜூலைக்கு முன்னாடி 2 வருஷம் அல்லது 40,000 கி.மீ. அதுக்கப்புறம் 3 வருஷம் அல்லது 1 லட்சம். எது முதல்ல வருதோ அதோட முடிஞ்சுது. உங்களுக்கு வாரண்டி இன்னும் இருக்கான்னு முதல்ல தெரியணும்.

லிங்க்ராட்_செல்வம்
சத்தம் லிங்க் ராட்தான், முன் சக்கரத்துப் பக்கம் சஸ்பென்ஷன்ல இருக்கற சின்னக் கம்பி. கண்ணை மூடிட்டுச் சொல்லுவேன். 20 வருஷமா இதே வேலை.

மதுரை_முத்து
முதல்ல டயர்ல காத்து பாருங்க. பெட்ரோல் பங்க்ல 40 வரைக்கும் ஏத்தி விட்டுடறாங்க, அப்புறம் எல்லாமே சத்தம்தான். என் வண்டிக்கு அதுதான் இருந்துச்சு.

பழைய_கியர்
வாரண்டி பத்தி இங்க நானே எத்தனையோ தடவை விளக்கியாச்சு. தேடிப் படிக்கற பொறுமை யாருக்கும் இல்ல. டேஷ்போர்டு பெட்டிக்குள்ள ஒரு புத்தகம் கொடுத்திருப்பாங்க, பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிச்சிருக்க மாட்டீங்க. 10 லட்சம் கொடுத்து வண்டி வாங்கறவங்க 7,000 மிச்சம் பண்ண வெளிய ஓடறது எனக்குப் புரியல. வெளிய விட்டா வாரண்டி போச்சு. அவ்வளவுதான்.

சட்டம்_படித்தவன்
@பழைய_கியர் ஐயா, "போச்சு, அவ்வளவுதான்" இல்லை. 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. உதிரி பாகங்களை வெளிச்சந்தையில் கிடைக்கவிடாமல் வைத்திருந்தார்கள் என்பது அதில் முக்கியமான குற்றச்சாட்டு. வெளி மெக்கானிக்கிடம் போனாலே வாரண்டி முழுக்க ரத்து என்று பொத்தாம் பொதுவாக நிபந்தனை போடக் கூடாது, வெளியே செய்த தப்பான வேலையால் எது கெட்டதோ அந்த அளவுக்கு மட்டும் மறுக்கலாம் என்றும் அந்த உத்தரவு சொல்கிறது. பிறகு அப்பீல், கோர்ட் என்று வழக்கு நீண்டது தனிக் கதை.

ராஜி_கரூர்
சட்டம் சரிங்க. ஆனா கவுண்டர்ல நிக்கும்போது நடக்கறது வேற. சிஸ்டத்துல வண்டி நம்பரைத் தட்டுவாங்க, நடுவுல ஒரு சர்வீஸ் இல்லன்னா உடனே "மேல கேக்கணும் மேடம்"தான். எங்க வீட்டுக்காரருக்கு ஒரு ஏசி பார்ட்டுக்கு மூணு வாரம் அலைய வேண்டியிருந்துச்சு. கடைசியில கிடைச்சுது, ஆனா அந்த வெயில்ல கைக்குழந்தையோட பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பட்டுக்கோட்டையான்
கம்பெனி பேர் வேண்டாமே. பெட்ரோல், மேனுவல். வாங்கி 1 வருஷம் 10 மாசம், 18,600 கி.மீ. புத்தகத்துல வாரண்டி 3 வருஷம்னு இருக்கு. ஒண்ணு சொல்ல விட்டுட்டேன், 10,000 கி.மீ. சர்வீஸை வெளியதான் பண்ணேன். ஊர் மாறின அலைச்சல். பில் வாங்கல. ஸ்டீரியோவும் வெளியதான் மாத்தினேன்.

டெல்டா_ரைடர்
இதைத்தானே முதல்லயே சொல்லணும்!

மதுரை_முத்து
கவலைப்படாதீங்க. மெக்கானிக் கிட்ட பழைய தேதி போட்டு ஒரு பில் வாங்கிடுங்க, முடிஞ்சுது.

சட்டம்_படித்தவன்
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நாளைக்கு நுகர்வோர் ஆணையம் வரை போனால் அந்த ஒரு பில்லே உங்கள் உண்மையான கேஸையும் கெடுத்துவிடும். அன்றைக்கு ஜிபேயில் பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவு இருக்கும். ஆயிலும் பில்டரும் கடையில் வாங்கியிருந்தால் அந்த ரசீது இருக்கும். இருப்பதை மட்டும் எடுத்து வையுங்கள்.

லிங்க்ராட்_செல்வம்
ஸ்டீரியோவுக்கு ஒயரை வெட்டி ஜாயிண்ட் போட்டாங்களா, இல்ல கப்ளர்ல சொருகினாங்களா? வெட்டியிருந்தா எலக்ட்ரிக்கல் ஐட்டத்துக்கு மூஞ்சியைச் சுளிப்பாங்க. கப்ளர்னா பயம் இல்ல. எதுவா இருந்தாலும் லிங்க் ராடுக்கும் அதுக்கும் சம்பந்தம் கிடையாது. தம்பி, உங்க மெக்கானிக் என்ன ஆயில் ஊத்தினார்னு கேளுங்க. இப்ப வர்ற சின்ன பெட்ரோல் இன்ஜினுக்கு 0டபிள்யூ-16, 0டபிள்யூ-20னு ஆயில் கிரேடு, அதாவது எவ்வளவு கெட்டின்னு, புத்தகத்துலயே போட்டிருப்பான். சில பேர் டிரம்ல இருந்து கெட்டியான 20டபிள்யூ-40 ஊத்திடறாங்க.

மதுரை_முத்து
நம்ம ஊர் வெயிலுக்கு 0டபிள்யூ-16 எல்லாம் தண்ணி மாதிரிங்க. கெட்டி ஆயில்தான் இன்ஜினுக்கு நல்லது. நான் 5,000 கி.மீ.-க்கு ஒரு தடவை மாத்தறேன், இன்னிக்கும் புதுசு மாதிரி ஓடுது.

லிங்க்ராட்_செல்வம்
வெயிலுக்கும் முதல் நம்பருக்கும் சம்பந்தம் இல்லீங்க. அது குளிர்ல ஸ்டார்ட் பண்ணும்போது. ரெண்டாவது நம்பர்தான் இன்ஜின் சூடானப்புறம். மதுரையா இருந்தாலும் மணாலியா இருந்தாலும் சூடான இன்ஜின் கிட்டத்தட்ட ஒரே சூடுதான். பேரிங்குக்கும் ஷாஃப்டுக்கும் நடுவுல இருக்கற இடைவெளி, ஆயில் பம்ப் எல்லாம் அந்த மெல்லிசு ஆயிலுக்குன்னு வெச்சுப் பண்ணது. கெட்டியா ஊத்தினா மைலேஜ் போகும், காலையில ஸ்டார்ட் பண்ணும்போது ஆயில் இன்ஜின் மேல ஏற நேரமாகும்.

மதுரை_முத்து
எங்க அப்பா அம்பாசிடர்ல கெட்டி ஆயில்தான் ஊத்தினார். 3 லட்சம் கி.மீ. ஓடுச்சு.

லிங்க்ராட்_செல்வம்
அது அம்பாசிடர். அந்த இன்ஜினுக்கு அதுதான் ஆயில். நானே எத்தனை அம்பாசிடர் இன்ஜின் இறக்கியிருக்கேன், அதைத் தப்பு சொல்லலையே.

பழைய_கியர்
கேட்டது வாரண்டி, பேசறது ஆயில். புத்தகத்துல போட்டிருக்கற கிரேடை ஊத்தினா வாயாட வேண்டிய வேலையே இல்ல.

ராஜி_கரூர்
@பட்டுக்கோட்டையான் அந்த 11,200-ஐ வரி வரியா பாருங்க. ஏசி டிஸ்இன்ஃபெக்டன்ட், த்ராட்டில் பாடி கிளீனிங், இன்ஜின் டிரெஸ்ஸிங், எலி ஸ்ப்ரே, இன்டீரியர் கிளீனிங் இதெல்லாம் இருக்கும். எங்க எஸ்டிமேட்ல இருந்துச்சு. அட்வைசர் பேனாவை நீட்டி "கையெழுத்து போடுங்க மேடம்"னார். மெயின்டனன்ஸ் அட்டவணைப் பக்கத்தைத் திறந்து பக்கத்துல வெச்சேன். அட்டவணைல இல்லாத ஒவ்வொண்ணா கோடு போட்டு அடிக்கச் சொன்னேன், தொகை பாதி ஆயிடுச்சு. அதெல்லாம் வேணாம்னு சொல்றதால வாரண்டி போகாது. அட்டவணைல இருக்கறதை விடாம இருந்தா போதும். வாங்கின ஊர்லதான் விடணும்னும் இல்ல, அதே கம்பெனியோட அங்கீகாரம் பெற்ற சென்டர் எதுவா இருந்தாலும் சரி. தஞ்சாவூர் பிடிக்கலன்னா திருச்சிக்குப் போங்க.

சத்தத்தை வாயால மட்டும் சொல்லிட்டு வராதீங்க. என்னென்ன வேலைன்னு அவங்க எழுதற ஜாப் கார்டுல "முன்பக்கம், ஸ்பீடு பிரேக்கரில் சத்தம்"னு எழுதச் சொல்லி ஒரு காப்பி வாங்குங்க. அட்வைசரைப் பக்கத்துல உக்கார வெச்சு ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுங்க. நாளைக்கு வாரண்டி முடிஞ்சப்புறம் அதே சத்தம் பெருசானா, அப்பவே சொன்னேன்னு காட்ட அந்தக் காகிதம்தான் இருக்கு.

சட்டம்_படித்தவன்
வாரண்டி இல்லை என்று சொன்னால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், மெயிலில் வந்தாலும் சரி. எழுதிக் கேட்டாலே பாதிப் பேர் இறங்கி வந்துவிடுவார்கள். வராவிட்டால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மேலே என்றால் 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், சென்னைக்கு அலைய வேண்டாம்.

டெல்டா_ரைடர்
என் கருத்து: வாரண்டி முடியற வரைக்கும் அட்டவணை சர்வீஸ் சென்டர்ல. பிரேக் பேட், வைப்பர், பல்பு மாதிரி தேய்மான ஐட்டத்துக்கு எப்படியும் வாரண்டி வராது, அதையெல்லாம் உங்க அண்ணன் கிட்ட பண்ணிக்கோங்க. பேட்டரிக்கும் டயருக்கும் அந்தந்த கம்பெனி வாரண்டி தனியா இருக்கும், அந்த அட்டைகளைத் தொலைச்சுடாதீங்க. எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுக்கற யோசனை இருந்தா நடுவுல இன்னொரு சர்வீஸ் விட்டுப்போகக் கூடாது.

தென்காசி_குமார்
எனக்கும் இதே கேஸ். நண்பர் என்ன பண்ணார்? யாருக்காவது தெரியுமா?

ராஜி_கரூர்
நாலு நாளா ஆளையே காணோம். வேளாங்கண்ணி போயிட்டாரோ.

பட்டுக்கோட்டையான்
மன்னிக்கணும், இப்பதான் வந்தோம். வெள்ளிக்கிழமை தஞ்சாவூர்லயே விட்டேன். அட்டவணையை வெச்சுக் கேட்டதுல பில் 5,870. இடது லிங்க் ராட் போயிருந்துச்சு, வாரண்டியிலயே மாத்திட்டாங்க. சத்தம் இல்ல. மெக்கானிக் அண்ணன் ஊத்தினது சரியான கிரேடுதானாம், காலி கேனை எடுத்துக் காட்டினார். எல்லாருக்கும் நன்றி.

லிங்க்ராட்_செல்வம்
சொன்னேன்ல. வலது பக்கத்தையும் கொஞ்ச நாள் கழிச்சு ஆட்டிப் பாக்கச் சொல்லுங்க தம்பி.

தென்காசி_குமார்
நண்பரே, அந்த 10,000 கி.மீ. சர்வீஸ் பில்லைக் கேட்டாங்களா? எனக்கு திங்கட்கிழமை போகணும்.