தறிக்குடோன் பக்கத்து அறைக்கு எந்த ஹெட்போன்? சோனியா, போஸா, சென்ஹைசரா?

நாடாக்காரன்:

வணக்கம் மக்களே. எனக்கு ஊர் சோமனூர் பக்கம். வீட்டை ஒட்டியே எங்கள் தறிக்குடோன், சாதா விசைத்தறி எட்டு ஓடுகிறது. கோவையில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் வேலை, வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்துதான். என் அறைக்கும் குடோனுக்கும் நடுவில் ஒரே ஒரு செங்கல் சுவர், அதிலும் மேலே ஒரு வென்டிலேட்டர். பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம் என்பதால் தூக்கத்துக்குப் பிரச்சினை இல்லை, தறி நின்றால்தான் எனக்கு விழிப்பே வரும். ஆனால் ப்ரோகிராம் எழுதும்போதும் மீட்டிங்கிலும் முடியவில்லை.

போன வருடம் 4,000 ரூபாய்க்கு ஒரு ஏஎன்சி (வெளிச்சத்தத்தை எலெக்ட்ரானிக்ஸால் அடக்குகிற) ஹெட்போன் வாங்கினேன் (கம்பெனி பெயர் வேண்டாம்). அதைப் போட்டால் பின்னால் இருக்கிற 'ம்ம்ம்' என்ற இரைச்சல் போய்விடுகிறது, நாடா (ஊடை நூலை அங்கும் இங்கும் கொண்டுபோகிற கட்டை) அடிக்கிற 'டக்டக்' மட்டும் முன்னைவிடத் தெளிவாகக் கேட்கிறது! இப்போது 30,000 வரை போகலாம் என்று முடிவு செய்துவிட்டேன். மனதில் இருப்பது சோனி டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்5, போஸ் க்யூசி அல்ட்ரா, சென்ஹைசர் மொமென்டம் 4. ரிவ்யூ பார்த்தால் எல்லோரும் விமானத்தில் உட்கார்ந்துதான் பேசுகிறார்கள், எனக்கு விமானமும் இல்லை ஒன்றும் இல்லை. கண்ணாடி போடுகிறவன் நான், அதையும் கணக்கில் வைத்துச் சொல்லுங்கள்.

மரப்பெட்டி:

உங்கள் பழைய ஹெட்போன் மேல் பெரிய தப்பு இல்லைங்க. ஏஎன்சி என்பதே அப்படித்தான், விலை ஏறினால் கொஞ்சம் நன்றாகச் செய்யும், அவ்வளவுதான்.

வெளியே இருக்கிற மைக் சத்தத்தைப் பிடித்து, அதற்கு நேர் எதிரான அலையை உள்ளே ஸ்பீக்கர் போட்டு இரண்டையும் அடித்துவிடுகிறது. காதுக்குப் பக்கத்தில் உள்ளேயும் ஒரு மைக் இருந்து மிச்சம் எவ்வளவு என்று பார்த்துத் திருத்தும். 100 ஹெர்ட்ஸ் சத்தத்தின் அலைநீளம் மூன்றே கால் மீட்டருக்கும் மேல், அதனால் எதிர் அலை துளி முன்னே பின்னே போனாலும் கணக்கு சரியாக வரும். 3,000 ஹெர்ட்ஸுக்கு வந்தால் அலைநீளமே 11 செ.மீ.தான், கொஞ்சம் பிசகினாலும் சத்தம் குறைவதற்குப் பதில் கூடிவிடும். அதனால் ஏறக்குறைய 1,000 ஹெர்ட்ஸுக்கு மேலே எலெக்ட்ரானிக்ஸின் பலன் குறைந்துகொண்டே போகும், அங்கே பெரும்பாலும் வேலை செய்வது காதைச் சுற்றி இருக்கிற பேடும் பிளாஸ்டிக் கப்பும்தான். தறியில் மோட்டார், ஷாப்ட், தரை அதிர்வு எல்லாம் கீழ் ஸ்தாயி, ஏஎன்சி அதை அள்ளிவிடும். பிக்கிங் கட்டை நாடாவை அடிப்பதும், நாடா எதிர்ப்பெட்டியில் போய் மோதுவதும் திடீர் திடீர் என்று வரும் சத்தம், மேல் ஸ்தாயி வரைக்கும் பரவும். இரைச்சலை எடுத்ததும் அதுவரை அதற்குள் மறைந்திருந்த டக்டக் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது, நீங்கள் கேட்டது அதைத்தான்.

ரிவ்யூக்காரர்கள் விமானத்தைப் பிடித்துத் தொங்குவதற்கும் காரணம் உண்டு. போஸ் கம்பெனியைத் தொடங்கிய அமர் போஸ் 1978இல் சூரிச்சிலிருந்து திரும்பும் விமானத்தில், அவர்கள் கொடுத்த ஹெட்போனில் இன்ஜின் இரைச்சல் தாங்காமல் அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்தார். 1989இல் விமானிகளுக்கான ஹெட்செட் வந்தது, நம்மைப் போன்றவர்களுக்கான க்யூசி (க்வைட்கம்ஃபர்ட்) ஹெட்போன் 2000ஆம் வருடத்தில். பிறந்ததே இன்ஜின் இரைச்சலுக்காகத்தான், நாடா சத்தத்துக்கு யாரும் இதைச் செய்யவில்லை.

இனி மூன்றுக்கும் வருகிறேன். ஏஎன்சி மட்டும் பார்த்தால் போஸும் சோனியும் முன்னே, சென்ஹைசர் ஒரு படி கீழே. பாட்டுக்கு எனக்குப் பிடித்தது சென்ஹைசர்தான், 60 மணி நேரம் சார்ஜும் நிற்கும் (சோனி 30, போஸ் 24). ஆனால் அது 293 கிராம், சோனி 250. நாள் முழுக்கப் போடுகிறவருக்கு அந்த நாற்பது கிராம் சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் தெரியும். போஸ் உங்கள் பட்ஜெட்டைத் தாண்டும், தள்ளுபடிக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும். எதை வாங்கினாலும் உங்களுக்கு முக்கியம் பேட் தலையோடு ஒட்டி உட்காருவது. கண்ணாடிக் காம்பு தடிமனாக இருந்தால் அந்த இடத்தில் ஒரு சந்து விழும், அப்புறம் கீழ் ஸ்தாயியும் கசியும், டக்டக்கும் உள்ளே வரும். ஒல்லியான உலோகக் காம்பு ஃபிரேம் மாற்றினால் 5,000 ரூபாய் கூடக் கொடுத்து அடுத்த மாடலுக்குப் போவதைவிட லாபம். மிச்சம் வருகிற டக்டக்கை மழைச்சத்தம் ஏதாவது மெதுவாக ஓடவிட்டு மூடிக்கொள்ளலாம், நான் அப்படித்தான் செய்கிறேன், எனக்கு எதிர்வீட்டில் மரப்பட்டறை.

பாதி_ராத்திரி:

எல்லாம் சரி, முதலில் அந்த வென்டிலேட்டரை மூடுங்கள் சாமி. ஓட்டை வழியாக வருகிற சத்தத்துக்கு யாராவது 30,000 ரூபாயில் ஹெட்போன் தேடுவார்களா? தடி பிளைவுட், ஓரத்தில் ரப்பர் பீடிங், ஆசாரிக்கு அரை நாள் வேலை. காற்றுக்கு வேறு ஜன்னல் இருக்கும்தானே. தறிக் காலுக்கு அடியில் ரப்பர் பேட் போட்டால் தரை வழியாக வருகிற அதிர்வும் குறையும், உங்கள் அப்பாவுக்கு ஒத்துவந்தால்.

இன்னொன்று, சித்திரை வைகாசியில் காதை முழுக்க மூடுகிற ஹெட்போனை எட்டு மணி நேரம் போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். நான் வைத்திருந்ததில் (இதுவும் பெரிய கம்பெனிதான், பெயர் எதற்கு) ஒன்றரை வருடத்தில் பேட் தோல் உரிந்து, கறுப்புச் செதில் செதிலாகக் கன்னத்தில் ஒட்ட ஆரம்பித்தது. வாங்கும் முன்னே பேட் தனியாகக் கிடைக்குமா, நாமே கழற்றி மாட்டலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மொட்டைமாடி:

மீட்டிங்கைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஏஎன்சி உங்கள் காதுக்கு மட்டும்தான். நீங்கள் பேசும்போது எதிர்முனைக்குத் தறி கேட்பதும் கேட்காததும் மைக்கின் வேலை. இந்த மூன்றிலும் மைக் காதோரத்தில்தான் இருக்கிறது, வாய்க்குப் பக்கத்தில் இல்லை. ரோட்டோர இரைச்சலை ஓரளவு சமாளிக்கும், டக்டக்குக்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன். நாளெல்லாம் பேசுகிற வேலை என்றால் வாய்க்கு முன்னால் மைக் நீட்டிக்கொண்டிருக்கிற ஜாப்ரா எவால்வ்2 85 மாதிரி ஒன்றைப் பாருங்கள், அதிலும் ஏஎன்சி உண்டு. நாளைக்கு ஒரு மீட்டிங்தான் என்றால் ஒயர் வைத்த சாதாரண யூஎஸ்பி ஹெட்செட் ஒன்றைத் தனியாக வைத்துக்கொண்டால் போதும்.

அப்புறம் மீட்டிங் தொடங்கியதும் புது ஹெட்போனில் சத்தம் பழைய லேண்ட்லைன் மாதிரி ஆகிவிட்டதே என்று இங்கே வந்து அழ வேண்டாம். லேப்டாப் அந்த ஹெட்போனின் மைக்கை எடுத்த உடனே ப்ளூடூத் பேச்சுக்கான வேறு முறைக்கு மாறிவிடும், தரம் படுத்துவிடும். செட்டிங்கில் மைக் மட்டும் லேப்டாப்புடையது அல்லது தனி மைக் என்று மாற்றிவிட்டால் காதில் பழையபடி நன்றாகக் கேட்கும்.

நாடாக்காரன்:

எல்லோருக்கும் நன்றிங்க. நேற்று கோவைக்குப் போய்க் கடையில் போட்டுப் பார்த்தேன். தறி சத்தத்தைப் போனில் பதிவு செய்து கொண்டுபோய், போனைப் பக்கத்தில் வைத்து முழு வால்யூமில் ஓடவிட்டேன், மூன்றுமே பிரமாதமாக இருந்தன! கடைப் பையன் ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடத்துக்கு மேல் விடவில்லை. கண்ணாடியோடு சோனிதான் கொஞ்சம் சுகமாக இருந்தது.

இன்னொரு கேள்வி. அப்பா இதையெல்லாம் பார்த்துவிட்டு, நானும் ஒன்று போட்டுக்கொண்டு தறி ஓட்டலாமா என்று கேட்கிறார். முப்பது வருடமாகத் தறியில் நிற்கிறவர், டிவி சத்தம் இப்போதெல்லாம் தெருமுனை வரைக்கும் கேட்கிறது.

மரப்பெட்டி:

போன் ஸ்பீக்கரை நம்பாதீர்கள். அதில் கீழ் ஸ்தாயி சத்தமே வெளியே வராது, நீங்கள் கேட்டது தறியின் பாதிதான், அதுவும் காது கூசாத அளவில். இருபது நிமிடமாவது கண்ணாடியோடு தலையில் இருக்க வேண்டும், முடிந்தால் கடை வாசலில் நின்று பஸ் உறுமும்போது கேட்டுப் பாருங்கள். கடை விடவில்லை என்றால் திருப்பி எடுத்துக்கொள்கிற இடமாகப் பார்த்து வாங்கி, உங்கள் அறையிலேயே இரண்டு நாள் போட்டுப் பாருங்கள். பாட்டு எதுவும் ஓடாமல், ஏஎன்சி மட்டும் போட்டு. அதுதான் உங்களுக்கு டெஸ்ட்.

செவிமடல்:

அப்பா விஷயத்துக்கு மட்டும் வருகிறேன், என் வேலையே காது பரிசோதனைதான். தறிக்கு முன்னால் நிற்க இந்த ஹெட்போன்கள் வேண்டாம். இவை காதுப் பாதுகாப்புக்கென்று அளந்து சான்று வாங்கிய பொருள்கள் இல்லை. டக்டக் மாதிரி அடி அடியாக வருகிற சத்தத்தில் ஏஎன்சி பின்தங்கும், ஆனால் இரைச்சல் போய்விட்டதால் காது பத்திரமாக இருக்கிறது என்று மனது நம்பிவிடும். என் பயம் அதில்தான்.

தொழிற்சாலைகளில் போடுகிற இயர்மஃப் வாங்கிக்கொடுங்கள். பேட்டரி, ப்ளூடூத் எதுவும் கிடையாது, அட்டைப்பெட்டியில் என்ஆர்ஆர் அல்லது எஸ்என்ஆர் என்று ஒரு எண் அச்சடித்திருக்கும், அது எவ்வளவு டெசிபல் குறைக்கும் என்பதற்கான அளவு. நிஜத்தில் அந்த எண்ணைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும், ஆனாலும் போதும். அமெரிக்காவின் நியோஷ் (வேலையிடப் பாதுகாப்பை ஆராய்கிற அரசு நிறுவனம்) கணக்குப்படி 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும், 88இல் 4 மணி, 91இல் 2 மணி, 94இல் ஒரே ஒரு மணி. கை நீட்டும் தூரத்தில் நிற்கிறவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் 85ஐத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். தறிக்குடோனில் யாராவது கத்தாமல் பேசி நீங்கள் கேட்டதுண்டா? ஐபோன் இருந்தால் நியோஷின் இலவச ஆப்பிலேயே அளந்து பார்க்கலாம்.

டிவி விஷயத்தையும் தள்ளிப்போடாதீர்கள். சத்தத்தால் வருகிற செவிக்குறை பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம்தான் முதலில் குழி விழும், ஆள் பேசுவது கேட்கும், வார்த்தை புரியாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் ஆடியோகிராம் (எந்தச் சத்தம் எவ்வளவு கேட்கிறது என்று அளக்கிற பரிசோதனை) எடுத்துப் பாருங்கள். போன கேள்வித்திறன் திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம்.

நாடாக்காரன்:

கடைசியாக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். வென்டிலேட்டரை மூடியாயிற்று, அதிலேயே டக்டக் நன்றாக அடங்கிவிட்டது, பாதி_ராத்திரி அண்ணனுக்கு ஒரு கும்பிடு. சோனி எக்ஸ்எம்5 வாங்கினேன், மூன்று நாள் ஆகிறது. பாட்டு இல்லாமல் போட்டால் நாடா சத்தம் பக்கத்துத் தெருவில் யாரோ ஆணி அடிக்கிற மாதிரி கேட்கிறது, மழைச்சத்தம் வைத்தால் அதுவும் இல்லை. மீட்டிங்குக்குப் பழைய ஒயர் ஹெட்செட்டே.

அப்பாவுக்கு இயர்மஃப் இரண்டு வாங்கினேன், ஒன்று தார் (நாடாவுக்குள் வைக்கிற நூல்கண்டு) சுற்றுகிற அக்காவுக்கு. முதல் நாள் அப்பா, "இழை அறுந்தா எப்படிடா தெரியும், சத்தத்தை வெச்சுத்தானே பார்க்கிறேன்" என்று கழற்றிப் போட்டுவிட்டார். எல்லாச் சத்தமும் சேர்ந்துதானே குறையும், தறி மாறி ஓடினால் அப்போதும் தெரியும் என்று சொல்லிப் பார்த்தேன், காதில் வாங்கவில்லை. இன்றைக்குக் காலையில் அவராகவே எடுத்து மாட்டிக்கொண்டு போயிருக்கிறார், அக்கா போட்டுக்கொண்டு ஓட்டுவதைப் பார்த்து. ஆடியோகிராமுக்கு வரும் திங்கள் லீவு போட்டிருக்கிறேன்.