சித்தப்பா கராஜ்ல கிடைச்ச ரெக்கார்ட் (நம்ம வீட்டு குரூப், அருண் சித்தப்பா பையன்)

சனி, காலை 8:10

அருண்: [போட்டோ]

அருண்: கராஜ் ஒதுங்க வைக்கும்போது கிடைச்சது, சின்ன சைஸ் ரெக்கார்ட், உறை ஓரமெல்லாம் பழுப்பாயிடுச்சு. தூக்கிப் போட்டுடவான்னு கேட்டேன், அப்பா கையிலேர்ந்து வாங்கிட்டு உள்ள போயிட்டாங்க, அரை மணி நேரமா வெளிய வரல

நான்: ஐயோ போட்டுடாதடா. என்ன பாட்டு அது

அருண்: ஐலண்ட்ஸ் இன் த ஸ்ட்ரீம். அமெரிக்கப் பாடகருங்க கென்னி ராஜர்ஸ், டாலி பார்ட்டன் பாடினது. ஆர்சிஏ கம்பெனி, 1983

மதுரை அத்தை: தாடி வச்ச ஒருத்தர் படம் போட்ட கேசட்டு ஒன்னு தம்பி கொண்டு வந்தானே அந்தப் பாட்டா

சித்தப்பா: அதே பாட்டு தான் அக்கா. கேசட்டு அப்புறம் வாங்கினது. இந்த ரெக்கார்ட் தான் முதல்ல

அருண்: பின்பக்கம் பாருங்க எல்லாரும், ஐ வில் ஆல்வேஸ் லவ் யூன்னு போட்டிருக்கு!! டாலியோட அந்தப் பெரிய பாட்டும் இதுலயே இருக்கு போல, இது நல்ல விலை போகும்

நாஷ்வில் அக்கா: இல்லடா, அது வேற. பேரு மட்டும் தான் ஒன்னு. டாலி எழுதினது 1974ல வந்த பாட்டு. இது கென்னி தனியா பாடினது, அவரோட 83 ஆல்பத்துல இருக்கு. நிறைய பேர் இப்படித்தான் ஏமாந்து வாங்குறாங்க

சித்தப்பா: கரெக்டா சொன்ன மா. நானும் அன்னைக்கு ரூமுக்கு வந்து திருப்பிப் போட்டுக் கேட்டுட்டு தான் தெரிஞ்சுகிட்டேன்

நான்: சித்தப்பா எப்ப வாங்கினீங்க, சொல்லுங்களேன்

சித்தப்பா: சொல்றேன், பொறுமையா படிங்க. நான் ஹூஸ்டன் வந்து இறங்கினது 83 ஆகஸ்ட் கடைசி, அலிசியா புயல் 18ஆம் தேதி அடிச்சு ஓஞ்சிருந்த நேரம், டவுன்டவுன்ல பெரிய பெரிய பில்டிங்ல கண்ணாடி எல்லாம் போயி பலகை அடிச்சு வச்சிருந்தாங்க, எனக்கு ஊரே அப்படித்தான் இருக்கும் போலன்னு நினைப்பு, ரூம்ல என்கூட இருந்த பையன் டெக்சாஸ்காரன், அவன்கிட்ட ஒரு ரேடியோ இருந்துச்சு, ஞாயித்துக்கிழமை ஆனா கேசி கேசம்னு ஒருத்தர் நாப்பதாவது இடத்துலேர்ந்து ஒன்னாவது வரைக்கும் வரிசையா பாட்டு போட்டுகிட்டே வருவாரு, நாலு மணி நேரம், நான் துணி துவைச்சுகிட்டே கேப்பேன், பேச ஆளில்லாத நாள்ல அந்தக் குரல் தான் துணை. இந்தப் பாட்டு கீழேர்ந்து வாரா வாரம் ஏறி வந்துச்சு. கென்னி ராஜர்ஸ் இந்த ஊர்லயே பொறந்து ஏழைங்களுக்குக் கவர்மெண்டு கட்டின குடியிருப்புல வளர்ந்தவரு, அதனால ரூம் பையனுக்கு அது சொந்த வீட்டு விசேஷம் மாதிரி. நோட்டுல தேதி போட்டு எத்தனாவது இடம்னு நானும் எழுத ஆரம்பிச்சேன்

மதுரை அத்தை: அம்மாவுக்கு லெட்டர் எழுத நேரமில்லன்னு சொன்னது இதுக்குத்தானா

சித்தப்பா: அக்கா எழுதினேன் அக்கா, வந்து சேரத் தான் மூணு வாரம் ஆச்சு

அப்பா: லெட்டர் எல்லாம் என்கிட்ட பத்திரமா இருக்கு. ரேடியோ கேக்குறேன்னு ஒன்னுல எழுதியிருக்கான்

காலை 8:47

அருண்: அப்பா கடைசில ஒன்னாவது இடம் வந்துச்சா

சித்தப்பா: அக்டோபர் 29 தேதியிட்ட ஹாட் 100ல ஒன்னு, அதாவது பில்போர்டு பத்திரிகை வாரா வாரம் போடுற நூறு பாட்டு லிஸ்ட். அதுக்கு முன்னாடி நாலு வாரம் பானி டைலரோட டோட்டல் எக்லிப்ஸ் பாட்டு அசையாம உக்காந்திருந்துச்சு, அதை இறக்கிட்டு இது ஏறுச்சு. நவம்பர் 5 லிஸ்ட்லயும் இதுதான். அந்த வாரம் தான் தீபாவளி. வீட்டை விட்டு எனக்கு முதல் தீபாவளி, எண்ணெய் இல்ல பட்டாசு இல்ல, காலைல எழுந்து குளிச்சிட்டு பஸ் ஏறிப் போயி அந்த ரெக்கார்டை வாங்கிட்டு வந்தேன். பிளேயர் என்கிட்ட கிடையாது, ரூம் பையனோடது

நான்: 😢 சித்தப்பா

மதுரை அத்தை: இதை இத்தனை வருஷம் ஒரு வார்த்தை சொல்லலையே டா

அருண்: அப்பா தப்பா எடுத்துக்காதீங்க, ரெண்டு வாரம் தானா. 2019ல ஓல்ட் டவுன் ரோட்னு ஒரு பாட்டு 19 வாரம் ஒன்னாவது இடத்துல இருந்துச்சு. அப்புறம் 2023ல ஜாக் பிரையனும் கேசி மஸ்கிரேவ்ஸும் பாடின டூயட் வந்த வாரமே நேரா ஒன்னாவது இடம்

சித்தப்பா: அந்த டூயட் நானும் கேட்டேன், நல்லா இருக்கு. ஆனா ரெண்டும் ஒரே கணக்கு இல்லடா. இப்ப ராத்திரி பாட்டு வந்தா விடியறதுக்குள்ள போன்ல எத்தனை பேர் கேட்டான்னு அப்படியே பதிவாகுது. அப்ப ரெக்கார்ட் கடைக்காரனும் ரேடியோ ஸ்டேஷனும் எது போகுது எது போகலன்னு பத்திரிகைக்கு ரிப்போர்ட் கொடுக்கணும், அதை வச்சு லிஸ்ட். கடைல ஸ்கேன் பண்ற கணக்கு வந்ததே 91 கடைசில தான். 95 வரைக்கும் எந்தப் பாட்டும் வந்த வாரமே ஹாட் 100ல ஒன்னாவது இடத்துல உக்காந்ததே இல்ல. படிப்படியா தான் ஏறணும். இது ஆகஸ்ட்ல வந்து அக்டோபர் கடைசில தான் மேல போச்சு

சித்தப்பா: இன்னொன்னும் கேளு. கன்ட்ரி (அமெரிக்க கிராமத்துப் பாணி பாட்டு) லிஸ்ட்லயும் ஒன்னு, அடல்ட் கன்டெம்பரரி (மெதுவான பாட்டு) லிஸ்ட்லயும் ஒன்னு, ஹாட் 100லயும் ஒன்னு. மூணு தனித்தனி கூட்டம். லாரி ஓட்டுறவன் கேக்குற ஸ்டேஷன், ஆபீஸ்ல மெதுவா ஓடுற ஸ்டேஷன், காலேஜ் பசங்க ஸ்டேஷன், எதைத் திருப்பினாலும் இது. ரெண்டு மில்லியன் காப்பி போனா தான் அப்ப சிங்கிளுக்கு (இந்த மாதிரி சின்ன ரெக்கார்டுக்கு) பிளாட்டினம் விருது, அந்த டிசம்பர்லயே குடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் ஒரு கன்ட்ரி பாட்டு ஹாட் 100ல முதலிடம் வர 2000 ஆச்சு, லோன்ஸ்டாரோட அமேஸ்டு. நடுவுல 16 வருஷத்துக்கு மேல ஒன்னு கூட இல்ல. உனக்கு 19 வாரம் பெருசா தெரியுது, எனக்கு அந்த ரெண்டு வாரம் தான் பெருசு

அருண்: சரிப்பா சரி, இது எனக்குத் தெரியாது. அப்புறம் யார் இறக்கினா அதை

நாஷ்வில் அக்கா: லயனல் ரிச்சி! ஆல் நைட் லாங் பாட்டு. கென்னிக்கு 1980ல முதல் தடவை ஹாட் 100ல முதலிடம் வாங்கிக் குடுத்த லேடி பாட்டை எழுதினதும் அவரே தான். டாலிக்கு முதல் நம்பர் ஒன் நைன் டு ஃபைவ், 81ல. ரெண்டு பேருக்கும் இது ரெண்டாவது, அதோட சரி, அப்புறம் அந்த லிஸ்ட்ல ரெண்டு பேருக்குமே முதலிடம் கிடைக்கல

மதுரை அத்தை: அவங்க ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டியா

நாஷ்வில் அக்கா: இல்லம்மா. டாலி 1966ல கார்ல் டீனைக் கட்டிகிட்டாங்க, அவர் 2025 மார்ச்ல இறக்குற வரைக்கும் அவரோட தான். கென்னியும் அவங்களும் சிநேகிதம் மட்டும் தான், கடைசி வரைக்கும் அதையே தான் சொன்னாங்க

மதுரை அத்தை: பாட்டைக் கேட்டா அப்படித் தெரியலையே. அவ்வளவு இழைஞ்சு பாடுறாங்க

காலை 9:20

நாஷ்வில் அக்கா: முதல்ல அது டூயட்டே இல்லம்மா. பீ ஜீஸ்ங்கிற பாட்டு குரூப்போட அண்ணன் தம்பிங்க மூணு பேரும் எழுதினது, ஆர் அண்ட் பி (அமெரிக்கக் கறுப்பின மக்களோட இசைப் பாணி) பாட்டா தான் எழுதியிருக்காங்க. அதுல ஒருத்தர் பாரி கிப், அவர் கென்னியை வச்சு ரெக்கார்ட் பண்றாரு, நாலு நாள் தனியா பாடிப் பாத்திருக்காரு கென்னி, ஒட்டவே இல்ல, எனக்கு இந்தப் பாட்டே பிடிக்காமப் போச்சுன்னு சொல்லிட்டாரு. பாரி கிப் தான் டாலி வேணும்னு சொன்னது. பாத்தா அந்த நேரம் டாலி அதே ஸ்டுடியோல கீழ இருந்திருக்காங்க, மேனேஜர் போயி கூட்டிட்டு வந்தாரு. அவங்க வந்து பாடின நிமிஷம் பாட்டே மாறிடுச்சுன்னு கென்னியே பேட்டில சொல்லியிருக்காரு

நான்: அது எங்க மாறுதுன்னு கூட காட்ட முடியும். இப்ப ஹெட்போன் போட்டு மூணு தடவை கேட்டேன். முதல் சரணம் அவர் பாடுறாரு, கோரஸ் முடியுது, டாலி ஆரம்பிக்கிற இடத்துல சுருதியே மாறுது! அவங்க குரலுக்கு ஏத்த இடத்துக்கு மொத்த பாட்டும் நகர்ந்து குடுக்குது. அத்தை நீங்க கேட்டுப் பாருங்க, உங்களுக்கு உடனே பிடிபடும்

மதுரை அத்தை: [குரல் பதிவு 0:38]

மதுரை அத்தை: ஆமா டி. சட்டுனு வேற வீட்டுக்குள்ள போன மாதிரி இருக்கு. எங்க பஜனைல ஆம்பளைங்க எடுத்த சுருதியிலயே நாங்களும் கத்தி தொண்டை கட்டிக்கும். இவங்க அந்தம்மாவுக்கு இடம் விட்டுப் பாட்டைப் போட்டிருக்காங்க, அதான் கேக்க சுகமா இருக்கு

அப்பா: 85ல லீவுக்கு வந்தப்ப அந்தக் கேசட்டை மாடி ரூம்ல போட்டுகிட்டே இருப்பான். கரெண்ட் போச்சுன்னா பேட்டரி போட்டுக் கேப்பான். அம்மா கீழேர்ந்து, அந்தப் பொண்ணு வர்ற இடம் மட்டும் நல்லா இருக்குடா திரும்பப் போடுன்னு சொல்லுவாங்க

சித்தப்பா: அம்மா சொன்னது மறந்தே போச்சுண்ணே. நல்லவேளை எழுதினீங்க

நான்: அக்கா நீங்க அவங்களை நேர்ல பாத்தீங்கல்ல

நாஷ்வில் அக்கா: 2017 அக்டோபர் 25, இங்க பிரிட்ஜ்ஸ்டோன் அரீனால. கென்னி ரிட்டயர் ஆகுறாருன்னு நடத்தின கச்சேரி, ரெண்டு பேரும் சேந்து மேடைல பாடுறது இதோட கடைசின்னு முன்னாடியே தெரியும். அவருக்கு 79 வயசு, முட்டி சரியில்ல, நிக்க சிரமப்பட்டாரு. டாலி கூடவே நின்னாங்க. இந்தப் பாட்டு ஆரம்பிச்சதும் என் பக்கத்துல இருந்த ஒரு தாத்தா எழுந்து நின்னவரு முடியற வரைக்கும் உக்காரல, கைக்குட்டையால முகத்தைத் துடைச்சுகிட்டே நின்னாரு. 2020 மார்ச்ல கென்னி போயிட்டாரு. டிக்கெட் இன்னும் என் பர்ஸ்ல இருக்கு மாமா, உங்களுக்கு வேணும்னா தரேன்

சித்தப்பா: நீயே வச்சுக்க மா. போட்டோ மட்டும் அனுப்பு

மதியம் 12:05

அருண்: அம்மா அப்பாவோட 40ஆவது கல்யாண நாளுக்கு ஹால் புக் பண்ணியாச்சு, அதுல இந்த ரெக்கார்டை ஓட விடலாமா? பிளேயர் நான் வாங்கிடறேன்

நான்: ஓட விடறதென்ன, பாடணும். சித்தப்பாவும் சித்தியும்

அப்பா: நல்ல யோசனை

சித்தப்பா: நான் பாடுவேன். அவ ஒத்துக்கணுமே

மதுரை அத்தை: அவ பாடுவா. கல்யாணமான புதுசுல அடுப்படில இதை முணுமுணுத்துகிட்டே தான் தோசை ஊத்துவா, எனக்குத் தெரியும்

சித்தி: இப்பத்தான் எல்லாத்தையும் படிச்சேன். அண்ணி அதை இன்னும் ஞாபகம் வச்சிருக்கீங்களா. எனக்கு இங்கிலீஷ் உச்சரிப்பு பழகினதே அந்தக் கேசட்ல தான், இவர் ஊருக்குக் கிளம்பின பிறகு விசா வர ஏழு மாசம் ஆச்சு, தினமும் போட்டுக் கேப்பேன், நாடா சிக்கி பென்சில் விட்டு சுத்தி சுத்தி எடுப்பேன்

சித்தி: என்னங்க, ரெக்கார்டைத் துடைக்கிறேன்னு ஈரத்துணி போடாதீங்க. அருண், கரோக்கி டிராக் தேடும்போது சுருதி மாறுற டிராக்கா பாத்து எடு, ஒரே சுருதில போறது வேண்டாம். ரெண்டாவது சரணம் நான் பாடுறேன்